உங்களுக்குத் தெரியுமா? ஓடும் வீடு ஏன் உதறுகிறது

மாசி மகம் நெருங்கினால் ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வேன்கள் வரிசை கட்டிவிடும். ஒன்றில் பின்கதவைத் திறந்தால் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, டப்பாக்கள் அடுக்கிய அலமாரி. இன்னொன்றில் கட்டில், கொசுவலை, சுவரில் மடக்கும் மேசை. சினிமாக்காரர்கள் கேரவன் என்பார்கள், வெளிநாட்டில் மோட்டார் ஹோம். எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் இந்த ஓடும் வீடுகளுக்கு ஒரு பொது வியாதி உண்டு. ஏதோ ஒரு வேகத்தில் உதறும். அந்த உதறலைப் பற்றித்தான் இந்த வாரத் துணுக்குகள் எல்லாம்.

ஒரு கட்டிக் களிமண்

ஒரு மாசி மகத்துக்கு எங்கள் வண்டியிலேயே வந்திருந்தோம். முதல்நாள் இரவு வெள்ளாற்றுப் பக்கம் உறவினர் வீட்டு வயலோரம் நிறுத்தியிருந்தோம். அறுவடை முடிந்த ஈரம் காயாத நிலம். மறுநாள் கிளம்பிச் சேத்தியாத்தோப்பு சாலையில் 70ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை. 60க்கு இறக்கினால் அடங்குகிறது, ஏற்றினால் மறுபடி. பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த அம்மா, “என்ன தம்பி, பாத்திரமெல்லாம் பேசுது?” என்றார்.

டயர் வெடிக்கப்போகிறது என்று பயந்து ஒரு பஞ்சர் கடையில் ஓரம் கட்டினோம். கடைக்காரர் ஜாக்கியைத் தொடவில்லை. “எங்கண்ணே நிறுத்தியிருந்தீங்க ராத்திரி?” என்று கேட்டார். சொன்னோம். முன்சக்கரத்தின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ரிம்மின் உள்பக்கம் கையை விட்டுத் தடவினார். ஸ்க்ரூ டிரைவரால் ஒரு நெம்பு. பாதி இட்லி அளவுக்கு ஒரு களிமண் கட்டி தரையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ரிம்மின் வளைவை அச்செடுத்ததுபோல வழவழவென்று இருந்தது. மறுபக்கம் இரண்டு வைக்கோல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. நான்கு சக்கரத்தையும் சுரண்டிவிட்டுத் தண்ணீர் அடித்தார். அதன்பிறகு வண்டி 80இல் வெண்ணெயாகப் போயிற்று. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார் அந்த மனிதர்.

மண் இவ்வளவு செய்யுமா?

செய்யும். சிறிய வேன்களில் பரவலாக இருக்கும் 215/75 ஆர் 15 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் நகர்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குச் சுமார் 10 சுற்று. ரிம்மில் ஓரிடத்தில் 50 கிராம் அதிகமாக ஒட்டியிருந்தால், அந்த வேகத்தில் அது சக்கரத்தை வெளிப்பக்கமாகக் கிட்டத்தட்ட 4 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கும். மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை என்று நொடிக்குப் பத்துத் தடவை. அதே 50 கிராம் 40 கிலோமீட்டர் வேகத்தில் 1 கிலோ அளவுக்குத்தான் இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றுமே தெரியாத வண்டி, நான்குவழிச் சாலையில் ஏறியதும் ஆடுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். டயர் கடையில் ரிம் ஓரத்தில் அடிக்கும் சின்னஞ்சிறு எடைத்துண்டுகளின் வேலை, எதிர்ப்பக்கத்தில் அதே அளவு இழுப்பை உண்டாக்கி இதைச் சமன்செய்வது.

தேர் ஏன் உதறுவதில்லை?

தேர்ச் சக்கரத்துக்கு டயர் இல்லை, ஸ்பிரிங் இல்லை, பேலன்சிங்கும் இல்லை. ஆனால் அது போவது மணிக்கு 2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 80இல் போகும் வேனோடு ஒப்பிட வேகம் நாற்பதில் ஒரு பங்கு. சமனின்மையின் இழுப்போ ஆயிரத்து அறுநூறில் ஒரு பங்குதான். தேருக்குக் கவலை நிறுத்துவதைப் பற்றியது. அதனால்தான் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் உயிரைப் பணயம் வைத்து ஓடுகிறார்கள். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்திருக்கிறது.

மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி

“எங்கே உதறுது?” என்பதற்கு முன்னால் நல்ல மெக்கானிக் “எப்ப உதறுது?” என்றுதான் கேட்பார். சாலையின் வேகத்தோடு வரும் உதறலா, எஞ்சினின் வேகத்தோடு வரும் உதறலா என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. நேரான, நெரிசலில்லாத சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் நாலாம் கியரில் கொஞ்சதூரம் ஓட்டுங்கள். பிறகு அதே 60இல் ஐந்தாம் கியர். சக்கரம் சுற்றும் வேகம் மாறவில்லை, எஞ்சின் சுற்றும் வேகம் குறைந்துவிட்டது. உதறல் துளியும் மாறாமல் அப்படியே இருந்தால் சக்கரம், டயர், புரொப்பல்லர் ஷாஃப்ட் பக்கம் தேட வேண்டும். உதறல் இடம் மாறினாலோ அடங்கினாலோ எஞ்சின், எஞ்சின் மவுண்ட், கிளட்ச் பக்கம்.

வண்டியை நியூட்ரலில் உருளவிட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. சமதளத்தில், பின்னால் வண்டி வராதபோது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் மட்டும் செய்யக்கூடியது அது. இறக்கத்தில் வேண்டவே வேண்டாம். சாவியை அணைத்துவிட்டுச் செய்தால் பவர் ஸ்டியரிங் உதவாது, பிரேக்கும் கல்லாக இறுகிவிடும். கட்டிலும் அடுப்பும் ஏற்றிய வண்டியின் கனத்தை அப்போது காலால் பிடிக்க முடியாது.

கையிலா, இருக்கையிலா?

ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கரம். இருக்கையும் தரையும் ஆடினால் பின்சக்கரம் அல்லது புரொப்பல்லர் ஷாஃப்ட். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் ஆடினால் டிரம் அல்லது டிஸ்க் சீரிழந்திருக்கிறது. முதல் கியரில் கிளம்பும்போது மட்டும் உதறினால் கிளட்ச். நின்றபடி ஐடிலில் உதறினால் எஞ்சின் மவுண்ட் ரப்பரையும் இன்ஜெக்டரையும் பாருங்கள்.

பத்து, நாற்பது, எண்பது

உடம்பே ஒரு மீட்டர்தான். மேலே சொன்ன வேன் 80இல் போகும்போது சக்கரம் நொடிக்கு 10 முறை சுற்றுகிறது என்று பார்த்தோம். பின் ஆக்சிலில் கிரவுன் விகிதம் 4 என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட் 40 முறை சுற்றும். நாலு சிலிண்டர் எஞ்சின் 2,400 சுற்றில் ஓடினால் நொடிக்கு 80 முறை வெடிப்பு. பத்து என்பது கையில் ‘தடதட’ என்று தெரியும், ஒவ்வொரு அடியும் தனித்தனியாக உணரமுடியும். நாற்பது, செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தரையில் வைத்தால் ‘கிர்ர்’ என்று ஏறும். எண்பதைக் கை உணர்வதைவிடக் காது முன்னால் கேட்டுவிடும், ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரமாக. மெக்கானிக்கிடம் போய் “வைபரேஷன் இருக்கு” என்று சொல்வதைவிட “80இல் தடதடன்னு, கையில தெரியுது” என்று சொல்லிப் பாருங்கள். பாதி நேரம் மிச்சம்.

தாண்டினால் அடங்கும் மர்மம்

75இல் ஆரம்பித்து 85இல் உச்சத்துக்குப் போய், 95ஐத் தாண்டினால் உதறல் குறைந்துவிடுகிறதே, ஏன்? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் போக்குக்கு ஏற்ற நேரத்தில் தள்ளினால் சின்னக் குழந்தையின் கைவிசைக்கே உயர உயரப் போகும். நேரம் தவறித் தள்ளினால் எவ்வளவு தள்ளினாலும் ஏறாது. வண்டியின் ஆக்சிலும் சக்கரமும் டயரின் மீதும் ஸ்பிரிங்கின் மீதும் ஆடுவதற்கு ஓர் இயல்பான வேகம் வைத்திருக்கின்றன, நொடிக்குப் பத்து, பன்னிரண்டு என்ற அளவில். சக்கரம் சுற்றும் வேகம் அதைத் தொடும்போது உதறல் ஊஞ்சலாகிறது. தாண்டினால் நேரம் தவறிவிடுகிறது. ஆனால் கோளாறு அங்கேயேதான் இருக்கிறது, இழுப்பும் இன்னும் கூடியிருக்கிறது. உதறலிலிருந்து தப்பிக்க ஆக்சிலரேட்டரை மிதிக்கும் பழக்கம் பல ஓட்டுநர்களிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நிற்பதால் வரும் நோய்

லாரிக்கு ஓடி ஓடித் தேய்மானம். ஓடும் வீட்டுக்கோ பெரும்பாலும் நின்று நின்றுதான் நோய். ஆண்டுக்கு இரண்டு பயணம், மீதி நாளெல்லாம் வேப்பமரத்தடி. அத்தனை எடையும் டயரின் அதே இடத்தில் அமர்ந்திருப்பதால் அந்த இடம் தட்டையாகிவிடுகிறது. நைலான் இழை டயர்களில் இது அதிகம். கிளம்பியதும் முதல் சில கிலோமீட்டர் ‘தொப் தொப்’ என்று குதிக்கும். ரப்பர் சூடேறியதும், பத்து இருபது கிலோமீட்டருக்குள், பெரும்பாலும் வட்டத்துக்குத் திரும்பிவிடும். அதுவரை அவசரப்பட்டுப் பேலன்சிங் செய்யாதீர்கள், தட்டையான டயருக்குச் செய்த பேலன்ஸ் வட்டமான டயருக்குப் பொருந்தாது. மாதக்கணக்கில் காற்றும் குறைந்து நின்றிருந்தால் மட்டும் அந்தத் தட்டை நிலைத்துவிடும். வாரம் ஒருமுறை வண்டியைக் கால் சுற்று நகர்த்தி நிறுத்துவது போதும், செலவில்லாத வைத்தியம்.

டயரின் பிறந்தநாள்

டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 3521 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் பிறந்தது. குறைவாக ஓடும் வண்டியில் பட்டன் தேயாமல் புதிதுபோலவே தெரியும், உள்ளே ரப்பர் முதுமையடைந்திருக்கும். பத்து ஆண்டு ஆகிவிட்டால் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடச் சொல்லும் டயர் நிறுவனங்கள் உண்டு.



உள்ளங்கை வைத்தியம்

கிளம்பும் முன் ஒவ்வொரு டயரின் பக்கச் சுவரையும் பட்டனையும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் கொழுக்கட்டைபோல வீங்கியிருந்தால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. அதற்குப் பேலன்சிங் தீர்வாகாது, டயரை மாற்றியே ஆக வேண்டும். நன்றாகப் போய்க்கொண்டிருந்த வண்டியில் உதறல் திடீரென்று தொடங்கி, நிமிடத்துக்கு நிமிடம் கூடினாலும் இதுதான் முதல் சந்தேகம். இரண்டாவது சந்தேகம் தளர்ந்த சக்கர நட்டு. இரண்டில் எதுவானாலும் அடுத்த ஊர்வரை பொறுக்காமல் அங்கேயே ஓரம் கட்டுங்கள்.

நட்டுக்கு இரண்டாம் முறுக்கு

சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி ஒருமுறை முறுக்க வேண்டும். வட்டமாக வரிசையில் அல்ல, ஒன்றை முறுக்கியதும் அதற்கு எதிரே உள்ளதை. வரிசையாக முறுக்கினால் சக்கரம் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடும். புதிதாகத் தொடங்கிய உதறல்களில் எத்தனையோ இப்படிப் பிறந்தவை.

கோப்பையைத் தட்டும் நகம்

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் விருத்தாசலம். பீங்கான் ஊர். பக்கத்து நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் வெண்களி இந்தத் தொழிலுக்குப் பெரிய பலம். செராமிக் தொழில்நுட்பத்தையே தனிப்படிப்பாகக் கற்பிக்கும் அரசு பாலிடெக்னிக்கும் இங்கே இருக்கிறது. ஒரு பட்டறையில் கோப்பைகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த அம்மாவின் அருகில் நின்று பார்த்தேன். இடது கையின் விரல்நுனிகளில் கோப்பையை நிற்கவைத்து, வலது ஆள்காட்டி விரலின் நகத்தால் விளிம்பில் ஒரு சுண்டு. ‘ணங்’ என்றால் வலப்பக்கக் கூடை. ‘டொக்’ என்றால் இடப்பக்கம். ‘டொக்’ என்ற ஒன்றை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே அதை வாங்கி மைத்தண்ணீரில் நனைத்துத் துடைத்துக் காட்டினார். தலைமுடி அளவில் ஒரு கீறல் நீலமாக எழுந்து நின்றது. விரிசல் இருக்கும் பொருளில் அதிர்வு முழுதாகச் சுற்றிவர முடியாமல் வழியிலேயே செத்துவிடுகிறது. அந்தச் சாவைத்தான் அவர் காது கேட்கிறது.

ரயில்வேயில் சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே நடந்த ஊழியர்கள் கேட்டதும் இதே ஒலியைத்தான். லாரி கிளீனர் இரும்பு லிவரால் ஒவ்வொரு டயரையும் ஓங்கித் தட்டிக்கொண்டு போவதும் இந்த வித்தையின் தம்பி. காற்று நிறைந்த டயர் லிவரைத் துள்ளவைக்கும், காற்றிறங்கியது விழுங்கிக்கொள்ளும்.

பீங்கானுக்குள் ஒரு காது

உங்கள் வேன் அடுப்பைப் பற்றவைக்கும் ‘க்ளிக்’ லைட்டருக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? ஒரு சிறு பீங்கான் துண்டு. உள்ளே இருக்கும் சுத்தி அதன்மேல் அடித்தால் ஆயிரக்கணக்கான வோல்ட் பிறந்து பொறி பறக்கிறது. அழுத்தினால் மின்சாரம் தரும் இந்த இயல்பைப் படிகங்களில் 1880இல் கண்டுபிடித்தவர்கள் பிரான்சின் கியூரி சகோதரர்கள், ழாக்கும் பியேரும். வண்டியின் அதிர்வை அளக்கத் தொழிற்சாலைகளில் ஒட்டும் சென்சார்களுக்குள்ளும் பெரும்பாலும் இதே வகைப் பீங்கான்தான் அமர்ந்திருக்கிறது. ஒவ்வொரு நடுக்கத்துக்கும் ஒரு துளி மின்சாரம். கோப்பையைத் தட்டிக் கேட்கும் ஊரின் பொருளே, தானும் கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டது.

அலைன்மென்ட் பார்த்தும் போகவில்லையே!

போகாது. அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் பார்க்கும் திசையைச் சரிசெய்வது. அது தவறினால் வண்டி ஒருபக்கம் இழுக்கும், டயர் கோணலாகத் தேயும். உதறலுக்கு வேண்டியது பேலன்சிங். இரண்டும் ஒரே கடையில் நடப்பதால் வரும் குழப்பம் இது. கோணலாகத் தேய்ந்த டயர் பிறகு உதறலையும் கொண்டுவரும் என்பது வேறு விஷயம்.

கிராஸ் ஜாயின்ட்டின் இரட்டைத் துடிப்பு

கியர்பாக்சையும் பின் ஆக்சிலையும் இணைக்கும் புரொப்பல்லர் ஷாஃப்டின் இரு முனைகளிலும் சிலுவைபோல ஓர் இணைப்பு இருக்கிறது, கிராஸ் ஜாயின்ட். சாய்வாக நிற்கும்போது அதற்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும், வெளியே போகும் சுழற்சி ஒரு சுற்றுக்கு இரண்டுமுறை முந்தும், இரண்டுமுறை பிந்தும். ஒரு முனையின் கோணலை மறுமுனையின் கோணல் ஈடுகட்டும்படி இரண்டையும் ஒரே கோட்டில் பொருத்தியிருப்பார்கள். அதற்காகத்தான் ஷாஃப்டின் இரு துண்டுகளிலும் அம்புக்குறி. கழற்றிய பிறகு அந்தக் குறிகளை எதிரெதிரே கொண்டுவராமல் மாட்டிவிட்டால், புதுப் பாகம் போட்டும் வண்டி முன்பைவிட மோசமாக அதிரும். குறி அழிந்திருந்தால் கழற்றும் முன் சுண்ணாம்போ பெயிண்டோ வைத்து அடையாளம் போடச் சொல்லுங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஏறி, விட்டால் அடங்கும் ‘கிர்ர்’ என்றால் முதலில் இங்கே பார்க்க வேண்டும். நீளமான வேன்களில் நடுவில் இருக்கும் சென்டர் பேரிங்கின் ரப்பரும் இதே அறிகுறியைக் காட்டும்.

வந்து வந்து போகும் உதறல்

பத்து நொடிக்கு ஒருமுறை உதறல் பெருகி, பிறகு மெல்ல வடிந்து, மறுபடி பெருகுகிறதா? பயப்பட வேண்டாம், ஒன்றுக்கு மேற்பட்ட சக்கரத்தில் சமன் கெட்டிருக்கிறது. இடது சக்கரம் நொடிக்கு 10 சுற்று, சற்றுத் தேய்ந்த வலது சக்கரம் 10.1 சுற்று என்றால், இரண்டின் இழுப்பும் பத்து நொடிக்கு ஒருமுறை ஒன்றாகச் சேரும், இடையில் ஒன்றையொன்று அழிக்கும். தம்பூரா சுருதி சேர்க்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இரண்டு தந்திகள் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் இருந்தால் ‘வூம்… வூம்’ என்று ஓர் அலை கேட்கும். அந்த அலை நீண்டு நீண்டு மறையும்வரை பிரடையைத் திருகுவார்கள்.

இரட்டைச் சக்கரத்தின் இடைவெளி

பின்னால் இரட்டை டயர் உள்ள பெரிய வண்டிகளில் இரண்டுக்கும் நடுவே ஜல்லிக்கல் சிக்கிக்கொள்ளும். உதறலைவிட அது வேகத்தில் தெறித்துப் பின்னால் வருகிறவர்மேல் படுவதுதான் பெரிய ஆபத்து. ஒவ்வொரு நிறுத்தத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

தண்ணீர்த் தொட்டியும் எடைமேடையும்

100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. பாதி நிறைந்த தொட்டியில் அந்தத் தண்ணீர் சும்மா இருக்காது, ஒவ்வொரு திருப்பத்திலும் பக்கவாட்டில் ஓடி வண்டியை உலுக்கும். உள்ளே தடுப்புப் பலகை வைத்த தொட்டியாக வாங்குங்கள், அல்லது முழுக்க நிரப்பியோ முழுக்கக் காலி செய்தோ ஓட்டுங்கள். வீட்டுச் சிலிண்டரில் எரிவாயு 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 கிலோ அளவுக்கு வரும். அதையும் தொட்டியையும் கட்டிலையும் ஒரே பக்கம் வைத்துவிட்டு, வண்டி ஏன் சாய்ந்து அலைகிறது என்று தேடுவோர் உண்டு. கரும்பும் நெல்லும் விளையும் இந்தப் பக்கத்தில் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. ஒருமுறை முன் ஆக்சிலை மட்டும் ஏற்றி, பின் ஆக்சிலை மட்டும் ஏற்றி எடை பார்த்துக் குறித்துக்கொண்டால் டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பதும் தெளிவாகும்.

இன்னொன்று. ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியே இருக்கட்டும். நாள்முழுக்க அதிரும் வண்டியில் எந்த இணைப்பும் மெல்லத் தளரும், எரிவாயுக் குழாயின் இணைப்பும்தான்.

மிருதங்கத்திடம் கற்ற பாடம்

எஞ்சின் நன்றாக இருக்கிறது, சக்கரம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் பக்கத் தகடு ‘பர்ர்’ என்று பாடுகிறது. தகடு ஒரு தோல்வாத்தியம், அதற்கென்று ஒரு சுருதி இருக்கிறது. மிருதங்கக்காரர் தொப்பிப் பக்கத்தில் ரவைப்பசையை அப்புவது எதற்கு? தோலில் கனம் ஏறினால் சுருதி இறங்கும். வலந்தலையின் கறுப்புக் கரணை இன்னும் நுட்பமான வேலை செய்கிறது. அதன் கனம் தோலின் தாறுமாறான அதிர்வுகளை இசைக்குள் ஒழுங்குபடுத்துகிறது என்பதைத் திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமன் ஆராய்ந்து 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். வேன் கட்டுகிறவர்கள் தகட்டின் நடுவில் தார் கலந்த கனமான ஒட்டுத்தாளைப் பதிப்பதும் ரவை அப்புகிற வேலைதான். கனம் ஏறிய தகட்டின் சுருதி எஞ்சினின் சுருதியிலிருந்து விலகிவிடுகிறது. தாளின் பிசுபிசுப்பு மிச்ச அதிர்வையும் விழுங்கிவிடுகிறது. முழுத் தகட்டையும் மூட வேண்டியதில்லை, கரணை தோல் முழுவதையுமா மூடுகிறது?

மின்கம்பியில் தொங்கும் கர்லாக்கட்டை

நெய்வேலியிலிருந்து புறப்படும் உயரழுத்த மின்கம்பிகளைக் கவனித்திருக்கிறீர்களா? கோபுரத்துக்கு அருகே கம்பியில் சின்னக் கர்லாக்கட்டைபோல ஒன்று தொங்கும். காற்றில் கம்பி அதிர்ந்து முறிந்துபோகாமல், அந்த அதிர்வைத் தான் வாங்கி ஆடித் தீர்க்கும் கருவி அது. 1920களில் அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டாக்பிரிட்ஜ் கண்டுபிடித்தது. சில வண்டிகளின் புரொப்பல்லர் ஷாஃப்டில் ரப்பரில் பொருத்திய கன வளையம் ஒன்று இருக்கும். அதுவும் இதே வேலைக்குத்தான். தேவையில்லாத இரும்பு என்று கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

பாட்டிக்கு ஏன் வாந்தி வருகிறது?

உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேலும்கீழுமான அதிர்வில் மிகவும் வாடுவது நொடிக்கு 4 முதல் 8 துடிப்பு என்ற எல்லையில். 1974இல் முதலில் வெளியான ஐ.எஸ்.ஓ. 2631 என்ற அனைத்துலகத் தரவிதி இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. வயிற்றுப் பகுதி ஊஞ்சலாடும் எல்லை அது, முதுகெலும்புக்கும் அங்கேதான் கேடு. ஆனால் வாந்தி வரவழைப்பது இந்த வேகமான நடுக்கம் அல்ல. ஐந்து நொடிக்கு ஒருமுறை மெல்ல அலையும் அசைவு. கடலில் படகு அப்படித்தான் அலையும். ஷாக் அப்சார்பர் செத்துப்போன வேனும், அவ்வளவு மெல்ல இல்லாவிட்டாலும், அலைந்து அலைந்துதான் போகும். பாட்டிக்கு எலுமிச்சம்பழம் கொடுப்பதோடு ஷாக்கையும் பாருங்கள். பம்பரின் மூலையை அழுத்தி விட்டால் வண்டி ஒருமுறை எழுந்து நிலைபெற வேண்டும், மூன்றுமுறை தாலாட்டினால் ஷாக் போய்விட்டது.

மகனுக்காகப் பிறந்த டயர்

காற்றடைத்த டயர் பிறந்ததே அதிர்வைக் குறைக்கத்தான். 1887-88இல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவர் ஜான் டன்லப், தன் மகனின் மூன்றுசக்கர சைக்கிள் கல்பாவிய தெருவில் குலுங்காமல் ஓடுவதற்காக ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். காற்று டயருக்கு 1845இலேயே ராபர்ட் தாம்சன் காப்புரிமை வாங்கியிருந்தார் என்பது டன்லப்புக்கு அப்போது தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

உதறல் தாங்காமல் பெரிய சக்கரம் போடுவது, சேசிஸை நீட்டுவது, இருக்கையை எடுத்துவிட்டுக் கட்டில் போடுவது எல்லாம் சொந்த விருப்பம் அல்ல. தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளிலிருந்து வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஓடும் வீடுகளுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதி இருக்கிறது, அதன்படி கட்டுகிறவர்களிடம் போய், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறையாகப் பதிந்துகொள்ளுங்கள்.

அரை டம்ளர் தண்ணீர்

எந்தக் கருவியும் இல்லாதபோது ஒரு எவர்சில்வர் டம்ளர் போதும். அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிச் சமையல் மேடையில் வையுங்கள். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடட்டும். தண்ணீரில் மெல்லிய வளையங்கள் அசையாமல் நின்றால் அது எஞ்சினின் சீரான துடிப்பு. வளையங்கள் விட்டுவிட்டுக் குலைந்து ‘டொக்’ என்று டம்ளர் நகர்ந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக வெடிக்கவில்லை. ஓடும்போது இதைப் பார்க்கும் வேலை ஓட்டுநருடையதல்ல, உடன் வருபவருடையது.

அந்த மாசி மகத்தன்று பூவராகர் கடல் தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக்குப் போனார். கிள்ளை தைக்காலில் இஸ்லாமியர்கள் பெருமாளை வரவேற்று மரியாதை செய்வதை அம்மாவுக்கு ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் அந்தப் பயணமே. பார்த்துவிட்டுத் திரும்பினோம். கோயிலில் வாங்கிய கோரைக்கிழங்கு உருண்டைப் பிரசாதம் மடியில், டம்ளர் கையில். வடலூர் தாண்டும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்த அம்மா, “தண்ணி அலுங்கல தம்பி” என்று சொல்லிவிட்டு அதைக் குடித்தார்.